கால் நூல்

இன்ஜின் ஆறிக் கிடக்கிறது. உள்ளங்கையை வைத்தால் இரும்பின் குளிர் மட்டும்.

பிளக்கைக் கழற்ற இதுதான் நேரம். சூட்டில் கழற்றினால் மரைக்கு ஆகாது.

நாமக்கல். பட்டறைகள் ஒவ்வொன்றாகத் திறக்கின்றன. ஷட்டர்கள் மேலே ஏறும் ஓசை. வெல்டிங் இன்னும் தொடங்கவில்லை.

•

மகிந்திரா எஃப்.சி. 150. 1960களின் சிறிய லாரி. ஜீப்பின் இன்ஜினை வைத்து, முகத்தைத் தட்டையாக்கிக் கட்டியது.

இன்ஜின் கேபினுக்குள்ளேயே இருக்கிறது. இரண்டு இருக்கைகளுக்கும் நடுவே, ஒரு தகரப் பெட்டிக்குள். ஓட்டுகிறவரின் இடது காலுக்கு நாள் முழுவதும் அந்தச் சூடு தெரியும்.

பெட்ரோல் வண்டி. நான்கு சிலிண்டர். நான்கு பிளக்.

மூடியைத் தூக்கியதும் பழைய பெட்ரோலின் வாசம். காய்ந்த ரப்பர். ஓரத்தில் கொஞ்சம் உமி. எந்த நடையில் ஏறியதோ.

•

வயரை இழுக்கையில் தொப்பியைப் பிடிக்க வேண்டும். வயரைப் பிடித்து இழுத்தால் உள்ளே அறுந்துவிடும். வெளியே தெரியாது.

ஒவ்வொரு வயருக்கும் சாக்பீஸில் ஓர் எண். இந்த இன்ஜினில் பொறி விழும் வரிசை 1, 3, 4, 2. பக்கத்து வீட்டைத் தாண்டி அடுத்த வீட்டுக்குப் போய், பிறகு கடைசி வீடு, பிறகு திரும்பி வரும் நடை.

பிளக்கைச் சுற்றிய குழியில் செம்மண் தூசு. முதலில் ஊத வேண்டும். ஊதாமல் திருகினால் அத்தனையும் சிலிண்டருக்குள் விழும்.

ஊதுகிறேன். தூசு எழுந்து வெயிலில் நிற்கிறது. மெல்ல இறங்குகிறது.

•

பிளக் ஸ்பானர் உட்காருகிறது. முதல் திருகு மறுக்கிறது. இரண்டாவது முறை ஒரு சின்ன முறிவுச் சத்தம். பிறகு எளிதாக வருகிறது.

கடைசி இரண்டு சுற்றைக் கையாலேயே கழற்றுவது பிடிக்கும். மரை விடைபெறும் இடம் விரலுக்குத் தெரிகிறது.

•

நான்கு பிளக்குகள், பழைய செய்தித்தாள் மேல், வரிசையாக.

வரிசை முக்கியம். எந்தச் சிலிண்டரிலிருந்து எது வந்தது என்று தெரியாவிட்டால் அவற்றைப் பார்ப்பதில் பயன் இல்லை.

ஒன்றாவது, காபிப் பொடி நிறம். நன்றாக எரிகிறது.

இரண்டாவது, அதே நிறம், கொஞ்சம் வெளிர்.

மூன்றாவது, கறுப்பு. விரலில் ஒட்டும் உலர்ந்த கரி. பெட்ரோல் அதிகம், அல்லது பொறி குறைவு. ஈரமாக, எண்ணெயாக இருந்தால் ரிங் தேய்ந்த கதை. இது உலர்ந்துதான் இருக்கிறது.

நான்காவது, மறுபடி பழுப்பு.

பார்த்துக்கொண்டே இருக்கிறேன். இன்ஜினுக்குள் யாரும் போய்ப் பார்க்க முடியாது. உள்ளே போய் வந்தவை இந்த நான்கும்தான்.

•

பெரிய மேஸ்திரி வருகிறார். கறுப்பானதை எடுக்கிறார். மூக்கருகே கொண்டுபோகிறார். திரும்ப வைக்கிறார்.

ஒன்றும் சொல்லவில்லை.

•

இந்த ஊரில் லாரி என்றால் பிளக் கிடையாது.

சுற்றிலும் டீசல். காற்றை மட்டும் இறுக அழுத்தினால் அதுவே கொதிக்கிறது. அந்தக் கொதிப்பில் டீசலைத் தெளித்தால் தானாகப் பற்றுகிறது. ருடால்ஃப் டீசல் 1897இல் ஆக்ஸ்பர்க்கில் ஓட்டிக் காட்டியது. அதற்குப் பொறி வேண்டியதில்லை.

டேங்கர்கள். டிரெய்லர்கள். திருச்செங்கோட்டிலிருந்து ராஜஸ்தான் வரை துளைபோடப் போகும் ரிக் வண்டிகள். பாடி கட்ட வந்து முகமும் முதுகும் இல்லாமல் நிற்கும் புது சேசிஸ்கள். எதிலும் பிளக் இல்லை.

தெருவில் பையன்கள் இன்ஜெக்டரையும் டேப்பெட்டையும் கண்ணை மூடிக்கொண்டு செய்கிறார்கள். பிளக் என்றால் அவர்களுக்கு பைக்.

•

இப்போது சில லாரிகள் சி.என்.ஜி.யில் வருகின்றன. அவற்றில் பிளக் மறுபடி இருக்கிறது.

வாயு எளிதில் பற்றாது. பொறி பாய அதிக அழுத்த மின்சாரம் கேட்கும். அதனால் அதற்கு இடைவெளியை இன்னும் குறுக்கி வைக்கிறார்கள்.

போனது வேறு வேடத்தில் வருகிறது. கை மட்டும் பழையதைக் கற்றிருக்க வேண்டும்.

•

ஒரு காலத்தில் லாரி என்றாலே பெட்ரோல்.

அசோக் மோட்டார்ஸ் 1948இல் தொடங்கி, 1955இல் அசோக் லேலண்ட் ஆனது. டாட்டா 1954இல் பென்ஸுடன் சேர்ந்தது. அதன்பின் சமவெளி மெல்ல மெல்ல டீசலுக்கு மாறியது.

அதற்கும் முன்னால், யுத்தக் காலம். பெட்ரோலுக்குக் கட்டுப்பாடு. பஸ்ஸின் பின்னால் ஓர் உருளை அடுப்பு. அதில் அடுப்புக்கரி. கரி வாயுவில் ஓடிய பஸ்கள். மேட்டில் இறங்கித் தள்ளிய பயணிகள்.

அதிலும் பிளக் இருந்தது. கரி வாயுவைப் பற்றவைத்ததும் இதே சிறு பொறிதான்.

•

பிளக்கின் வெள்ளைப் பகுதியைத் துடைக்கிறேன். திருப்பூர் பனியன் வேஸ்ட். ஒரு சொட்டு பெட்ரோல்.

கரி போகப் போக வெண்மை தெரிகிறது.

தொடக்கக் காலப் பிளக்குகளில் பீங்கானும் மைக்காவும் இருந்தன. பிறகு அலுமினா வந்தது. பாக்சைட் என்கிற செங்கல்நிறக் கல்லிலிருந்து எடுப்பது.

அந்தக் கல் இங்கேயும் உண்டு. ஏற்காட்டு மலையிலும் கொல்லிமலையிலும் வெட்டி, மேட்டூர் மால்கோ ஆலைக்குப் பல ஆண்டுகள் லாரியில் இறக்கினார்கள். அங்கே அது வெள்ளைத் தூளாகி, பின் அலுமினியம் ஆனது.

இந்தப் பிளக்கின் வெள்ளை எந்த மலையுடையதோ. நிறம் மட்டும் அந்தத் தூளின் நிறம்.

•

கம்பி பிரஷ் வேண்டாம். பலர் தேய்க்கிறார்கள். பித்தளையோ இரும்போ, அதன் கோடு வெள்ளையில் தங்கிவிடும். மின்சாரம் அந்தக் கோட்டில் கசியும். பொறி விழ வேண்டிய இடத்தில் விழாது.

மெல்லிய உப்புத்தாள். முனைகளில் மட்டும். ஒரு தடவை, இரண்டு தடவை.

தேய்ந்து உருண்ட விளிம்பு மறுபடி கூராகிறது. பொறிக்குக் கூரான விளிம்பு பிடிக்கும். குறைந்த மின்னழுத்தத்தில் தாவிவிடும்.

•

இனி இடைவெளி.

•

நடுவில் ஒரு முனை. அதன் மேல் வளைந்து நிற்கும் இன்னொரு முனை. இரண்டுக்கும் நடுவே காற்று.

அந்தக் காற்றுக்குத்தான் அளவு.

இந்த இன்ஜினுக்கு அங்குலத்தில் ஆயிரத்துக்கு 30. மில்லிமீட்டரில் 0.76.

தச்சரும் கொத்தனாரும் சொல்கிற நூல், அங்குலத்தில் எட்டில் ஒன்று. அதிலும் கால் பங்கு. கால் நூலை விட ஒரு மயிரிழை குறைவு.

•

பில்லர் கேஜ். உறையிலிருந்து விசிறிபோல் விரியும் எஃகுத் தகடுகள். ஒவ்வொன்றிலும் பொறித்த எண். தேய்ந்து பாதி அழிந்த எண்கள்.

30ஐத் தேடி எடுக்கிறேன். ஒரு சொட்டு எண்ணெயை விரலால் தடவுகிறேன். தகடு நடுங்குகிறது. நடுங்குவது என் விரல்.

•

ஒன்றாவது பிளக். தகடு உள்ளே போகிறது. உரசவே இல்லை. காற்றில் போவதுபோல் போகிறது.

அகன்றுவிட்டது. ஒவ்வொரு பொறியும் உலோகத்தில் ஒரு துளியைக் கொண்டுபோகிறது. 2,000 சுற்றில் ஓடும்போது ஒரு பிளக்குக்கு நிமிடத்துக்கு 1,000 பொறி. அத்தனை ஆயிரம் துளிகள். எங்கே போகின்றன என்று கேட்கத் தோன்றுகிறது. புகையோடு. இந்தச் சாலைகள் மேல்.

•

நடு முனையைத் தொடக் கூடாது. அதை நெம்பினால் வெள்ளை விரியும். கண்ணுக்குத் தெரியாத விரிசல். வண்டி பத்து கிலோமீட்டர் ஓடும், பிறகு மிஸ் அடிக்கும், யாருக்கும் காரணம் புரியாது.

பக்க முனையை மட்டும். பிளக்கைத் தலைகீழாகப் பிடித்து, பட்டறைக் கல்லில் ஒரு தட்டு. தட்டு என்று சொல்வதும் அதிகம். வைப்பதை விடக் கொஞ்சம் பலமாக.

தகடு. இன்னும் எளிதாகத்தான் போகிறது.

இன்னொரு தட்டு.

தகடு. இப்போது நுழையவில்லை.

நெம்பி விரிக்க வேண்டும். மயிரிழை அளவு.

தகடு.

•

பக்கத்தில் பையன் அடுத்த பிளக்கோடு உட்கார்ந்திருக்கிறான். தகட்டைத் திணிக்கிறான்.

“திணிக்காத கண்ணு. போகணும், ஆனா அது தெரியணும்.”

“எப்படித் தெரியுங்க மேஸ்திரி?”

மேஸ்திரி அவன் கையைப் பிடிக்கிறார். தன் விரல்களுக்குக் கீழே அவன் விரல்களை வைத்து, தகட்டை இழுக்கிறார். மெதுவாக. மறுபடி.

பையனின் முகம் மாறுகிறது.

•

அந்த உரசலை எழுத முயல்கிறேன்.

தகடு போகிறது. நிற்கவில்லை. ஆனால் இரு பக்கமும் ஏதோ இருப்பது விரல் நுனிக்கு எட்டுகிறது. எண்ணெய்ப் படலத்தின் பிசுபிசுப்பு. அதற்கும் உள்ளே ஒரு மெல்லிய மறுப்பு. இழுத்தால் தொடர்ந்து, ஒரே அளவில், வருகிறது.

காது கேட்காத ஒன்றை விரல் கேட்கிறது.

எண் 30 என்கிறது. எண் சரி. ஆனால் அதே தகட்டில் ஒரு கை 28 வைக்கும், இன்னொரு கை 32 வைக்கும். வித்தியாசம் அழுத்துகிற அளவில் இருக்கிறது.

இதற்கு மேல் எழுத வரவில்லை.

•

தேய்ந்த பிளக்கில் தகடு பொய் சொல்லும். பக்க முனையின் உட்புறம் குழிந்திருக்கும். தட்டையான தகடு குழியின் இரு கரையையும் தொட்டு, சரி என்னும். நடுவில் ஆழம் அதிகம்.

அதற்கு உருண்டை கம்பி கேஜ். குழிக்குள் இறங்கும். பழைய பிளக்குக்குக் கம்பியைத்தான் நம்புகிறேன்.

கம்பியை விடுகிறேன். தகடு சொன்னதைவிட அகலம்.

மறுபடி ஒரு தட்டு.

•

முனை அதிகம் குழிந்திருந்தால் காயிலையும் பார்க்க வேண்டும். காயிலின் இரு வயர்கள் மாறியிருந்தால் மின்சாரம் எதிர்த்திசையில் தாவுகிறது. சூடான நடு முனையிலிருந்து தாவுவது அதற்கு எளிது. ஆறிய பக்க முனையிலிருந்து தாவுவது சிரமம். சிரமப்பட்ட இடம் குழிகிறது.

வண்டி ஓடும். யாரும் கவனிக்க மாட்டார்கள். மேட்டில் மட்டும் தெரியும்.

இங்கே வயர்கள் சரியாகத்தான் இருக்கின்றன.

•

புதுப் பிளக் என்றாலும் அளந்துதான் போட வேண்டும். பெட்டியில் வரும் இடைவெளி எல்லா வண்டிக்கும் பொதுவாக வைத்தது. வழியில் ஒருமுறை கீழே விழுந்தால் அதுவும் மாறும்.

அலமாரியில் ஒரு பழைய மைகோ பெட்டி. 1951இல் தொடங்கிய கம்பெனி. பெட்டி காலி. ஆணி போட்டு வைத்திருக்கிறார்கள்.

•

மின்சாரம் இடைவெளியைத் தாண்ட எவ்வளவு வேண்டும்.

1889இல் ஃபிரெட்ரிக் பாஷன் அளந்தார். காற்றின் அழுத்தம், இடைவெளியின் தூரம். இரண்டையும் பெருக்கினால் வருவதைப் பொறுத்தது. அழுத்தம் ஏறினால் தாண்டுவது கடினம். தூரம் கூடினாலும் கடினம்.

திறந்த வெளியில் இந்த 0.76 மில்லிமீட்டரைத் தாண்ட சில ஆயிரம் வோல்ட் போதும். சிலிண்டருக்குள், பிஸ்டன் மேலே வந்து அழுத்தியிருக்கும்போது, அதைப் போலப் பல மடங்கு.

வெளியே பொறி வருகிறது என்று காட்டுவது முழு உண்மை அல்ல. உள்ளே இருட்டில் வருகிறதா என்பதே கேள்வி. அதை யாரும் பார்க்க முடியாது.

•

இடைவெளி குறைந்தால் பொறி எப்போதும் வரும். ஆனால் குட்டிப் பொறி. கொஞ்சம் பெட்ரோலைத்தான் தொடும். நின்ற இடத்தில் வண்டி உதறும்.

அகன்றால் பெரிய பொறி. சமதளத்தில் அழகாக ஓடும். கியரை இறக்கி மேடேறும்போது, அழுத்தம் கூடும் அந்தக் கணத்தில், ஒரு பொறி தவறும்.

ஒன்று போதாது. ஒன்று எட்டாது. நடுவில் கால் நூல்.

•

காரவள்ளி அடிவாரம். அங்கிருந்து கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள்.

இந்த வண்டி அதில் ஏறியிருக்கிறது. மேலே மிளகு, அன்னாசி, பலா. கீழே சேந்தமங்கலம் சந்தை.

ஏற ஏறக் காற்று மெலிகிறது. செம்மேட்டில் சமவெளியைவிட ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறைவு. கார்புரேட்டருக்கு அது தெரியாது. கீழே ஊற்றிய அதே அளவு பெட்ரோலை ஊற்றுகிறது. காற்று குறைவு, பெட்ரோல் அதிகம். பிளக்கில் கரி.

மூன்றாவது பிளக்கை மறுபடி பார்க்கிறேன். மலையின் கரியா. ஆனால் மலை நான்குக்கும் பொது.

மூன்றுக்கு மட்டும் ஏதோ.

அந்த எண்ணம் வருகிறது. இருக்கிறது. இன்னும் விடை இல்லை.

•

வெயில் ஏறிவிட்டது. தெருவில் முதல் வெல்டிங்கின் நீலம். கண்ணைத் திருப்பிக்கொள்கிறேன்.

எதிர்ப் பட்டறையில் ஒரு டிரெய்லருக்குத் தகடு வளைக்கிறார்கள். சம்மட்டி. இடைவெளி. சம்மட்டி.

சேலத்திலிருந்து நாமக்கல் 1997இல்தான் தனி மாவட்டமானது. கூரையில்லாமல் நிற்கும் ஆஞ்சநேயருக்கு எதிரே, ஒற்றைப் பாறைக் கோட்டை. அதன் நிழல் இந்தத் தெரு வரை வருவதில்லை.

•

நான்கு பிளக்குகளும் ஆயிற்று.

ஒன்றாவது, இரண்டாவது, நான்காவது: ஒரே உரசல். மூன்றாவதில் பக்க முனை ஒருபுறம் சாய்ந்திருக்கிறது. நேராக்கி மறுபடி அளக்கிறேன். இடைவெளி வருகிறது. நடு முனைக்கு நேர் மேலே பக்க முனை நிற்க வேண்டும். ஓரமாக நின்றால் அளவு இருந்தும் பொறி ஓரமாகத் தாவும்.

வெளிச்சத்தை நோக்கி உயர்த்திப் பிடிக்கிறேன். இரண்டு முனைகளுக்கு நடுவே வானத்தின் ஒரு கோடு.

கோட்டின் இரு கரையும் இணையாக இருக்கின்றன.

•

உள்ளே போடும்போது ஸ்பானர் இல்லை. விரல்.

விரலால் உள்ளே போக வேண்டும், கடைசி வரை. நடுவில் நின்றால் மரை குறுக்கே விழுந்திருக்கிறது. வெளியே எடுத்து மறுபடி.

போகிறது. உட்காருகிறது. வாஷர் தொட்ட இடம் தெரிகிறது.

அதற்கு மேல் ஸ்பானரால் கொஞ்சம். முழு பலம் வேண்டாம். ஹெட் கெட்டால் பிளக்குக்கு ஆகும் செலவில் தீராது.

•

பையன் வயர்களை மாட்டுகிறான். சாக்பீஸ் எண் பார்த்து.

ஒவ்வொரு தொப்பியும் உட்காரும்போது ஒரு சொடுக்கு. நான்கு சொடுக்கு.

1902இல் பாஷ் பட்டறையில் காட்லோப் ஹோனோல்ட் செய்து கொடுத்தது இந்த ஏற்பாடு. உயர் மின்னழுத்த மேக்னெட்டோ, அதற்கொரு பிளக். நூறு வருடத்துக்கு மேல். வெள்ளையின் பொருள் மாறியது, உலோகம் மாறியது. நடுவில் விடும் காற்று மாறவில்லை.

•

சாவி. சோக் கொஞ்சம்.

ஸ்டார்ட்டர் சுற்றுகிறது. ஒன்றும் இல்லை. ஒரு மூச்சு. பிடிக்கிறது.

கேபினுக்குள் அதிர்வு. டேஷ்போர்டில் ஒரு திருகாணி துள்ளுகிறது.

மேஸ்திரி ஒரு விரலைத் தூக்குகிறார். யாரும் பேசவில்லை.

கேட்கிறோம்.

நான்கும் வருகின்றன. சோக்கை உள்ளே தள்ளுகிறேன். சுற்று இறங்குகிறது. நிற்கிறது ஓர் அளவில்.

•

ஆக்சிலரேட்டரைச் சட்டென்று மிதிக்கும்போது மட்டும், ஏறுவதற்கு முன், ஒரு சின்னத் தயக்கம்.

மறுபடி மிதிக்கிறேன். மறுபடி.

இருக்கிறது.

மூன்றாவதா. மூன்று மட்டுமா. சொல்ல முடியவில்லை.

•

மேஸ்திரி சாவியைத் திருப்பி அணைக்கிறார். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் இரண்டு கிளிப்பையும் நகத்தால் தள்ளுகிறார். மூடியைத் திருப்பி, மூன்றாவது வயரின் உள்முனையைப் பார்க்கிறார். பச்சை பூத்திருக்கிறது. கத்தி முனையால் சுரண்டுகிறார்.

ரோட்டரை எடுக்கிறார். கீழே பாயிண்ட். அதிலும் ஓர் இடைவெளி. ஆயிரத்துக்கு 20.

பையன் பில்லர் கேஜை விரித்து, பாதி அழிந்த எண்களில் 20ஐத் தேடுகிறான்.